ஒரு புள்ளி இடம் மாறினால்: நியோஷோ எண்ணெய்க் கப்பலும் நம் வரைபட வகுப்பும்

இரண்டாம் உலகப் போர் பாடத்தை நடத்தும்போது முத்துத் துறைமுகம், அணுகுண்டு, சரணடைவு என்று பெரிய நிகழ்வுகளைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தப் போர்க்கப்பல்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதற்கு எரிபொருளை நடுக்கடலில் யார் கொடுத்தார்கள் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. சமூக அறிவியல் ஆசிரியரான நான், சில ஆண்டுகளாக இந்தக் கேள்வியை நானே எழுப்பி, ஓர் எண்ணெய்க் கப்பலின் வரலாற்றை வகுப்பில் சொல்லி வருகிறேன். அதன் பெயர் நியோஷோ. ஆறாம் வகுப்பின் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு முதல் பத்தாம் வகுப்பின் உலகப் போர் வரை பல பாடங்களுக்கு இந்த ஒரு கப்பல் கைகொடுக்கிறது. அறிவியல், கணித ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

மிதக்கும் எண்ணெய்க் கிடங்கு

நியோஷோ என்பது அமெரிக்காவில் கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்கள் வழியாக ஓடும் ஓர் ஆறு. அந்நாட்டுக் கடற்படை தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரைச் சூட்டுவது அன்றைய வழக்கமாக இருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் கியர்னி கப்பல் கட்டுமிடத்தில் உருவான நியோஷோ, 1939 ஏப்ரல் 29 அன்று நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று கடற்படைப் பணியில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 168 மீட்டர். வேகம் 18 நாட், அதாவது மணிக்குச் சுமார் 33 கி.மீ. அந்தக் காலத்து எண்ணெய்க் கப்பலுக்கு இது நல்ல வேகம்.

அதன் கொள்ளளவு சுமார் 1,46,000 பீப்பாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர் என்றால் மொத்தம் ஏறத்தாழ 2 கோடியே 32 லட்சம் லிட்டர். 20,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி எத்தனை வேண்டும் என்று கேட்டால் மாணவர்களே வகுத்து 1,160 என்று சொல்லிவிடுவார்கள். அத்தனை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் போவதாகக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். கப்பலின் அளவு அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நடுக்கடலில் எண்ணெய் கொடுப்பது எப்படி? இரண்டு கப்பல்களும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், சில பத்து மீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாக ஓட வேண்டும். எண்ணெய்க் கப்பலின் தூக்கிக் கம்பங்களிலிருந்து தொங்கும் தடித்த ரப்பர் குழாயை அடுத்த கப்பலுக்கு அனுப்பி, பம்பு வழியாக எண்ணெயை ஏற்றுவார்கள். இரண்டு கப்பல்களுக்கும் இடையே உள்ள குறுகிய இடத்தில் நீர் வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறையும். அதனால் கப்பல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பெர்னௌலி கோட்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு இது. சுக்கான் பிடிப்பவர் சற்றுக் கவனம் தவறினாலும் மோதல்தான். அந்த நேரத்தில் எதிரி வந்தால் இரு கப்பல்களும் சட்டென்று விலகவும் முடியாது.

முத்துத் துறைமுகத்தில் தப்பிய கப்பல்

1941 டிசம்பர் 6 அன்று விமான எரிபொருளோடு நியோஷோ முத்துத் துறைமுகத்தை அடைந்தது. அங்குள்ள ஃபோர்டு தீவின் கடற்படை விமான தளத்தில் சரக்கை இறக்கியது. பெரும் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்ற இடத்திலேயே அதுவும் கட்டப்பட்டிருந்தது. மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் தாக்கின.

விமான பெட்ரோலைச் சுமக்கும் கப்பல் அங்கே வெடித்திருந்தால் அக்கம்பக்கக் கப்பல்களும் தப்பியிருக்காது. கப்பலின் தலைவர் ஜான் பிலிப்ஸ் தாக்குதலுக்கு நடுவிலேயே கப்பலை அங்கிருந்து கிளப்பி, துறைமுகத்தின் பாதுகாப்பான பகுதிக்குக் கொண்டுபோனார். அடுத்த ஐந்து மாதங்கள் நியோஷோ பசிபிக் கடலில் அமெரிக்கக் கப்பல்களுக்கு எரிபொருள் கொடுத்து வந்தது.

பவளக் கடலில் மூன்று பிழைகள்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே, பாப்புவா நியூகினிக்கும் சாலமன் தீவுகளுக்கும் தெற்கே இருப்பது பவளக் கடல். 1942 மே மாதம், நியூகினியின் மோர்ஸ்பி துறைமுகத்தைப் பிடிக்க வந்த ஜப்பானியப் படையை அமெரிக்க, ஆஸ்திரேலியக் கப்பல்கள் இங்கே எதிர்கொண்டன. ஜப்பான் பக்கம் வந்த பெரிய விமானந்தாங்கிகள் ஷோகாகு, சுய்காகு. நம் மாணவர்களுக்கு இவை முற்றிலும் அந்நியமானவை அல்ல. ஒரு மாதத்துக்கு முன் ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் ஏப்ரல் 9 அன்று திருகோணமலையையும் தாக்கிய படையில் இவ்விரண்டும் இருந்தன. அந்த நாட்களில்தான் சென்னையிலிருந்து பலர் குடும்பத்தோடு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள்.

மே 6 அன்று நியோஷோ, யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக்கும் அஸ்டோரியா என்ற போர்க்கப்பலுக்கும் எண்ணெய் கொடுத்தது. பின்பு சிம்ஸ் என்ற ஒரே ஒரு நாசகாரிக் கப்பலின் துணையோடு சண்டை நடக்கும் பகுதியிலிருந்து விலகித் தெற்கே போனது. அதன்பின் நடந்ததைப் ‘பார்த்தது, கேட்டது, குறித்தது’ என்ற மூன்று சொற்களில் வகுப்பில் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, பார்த்ததில் பிழை. மே 7 காலை ஜப்பானிய வேவு விமானம் இந்த இரு கப்பல்களையும் கண்டது. ‘ஒரு விமானந்தாங்கி, ஒரு க்ரூசர்’ என்று செய்தி அனுப்பியது. அதை நம்பி ஷோகாகு, சுய்காகு இரண்டும் 78 விமானங்களை ஏவின. வந்து தேடிப் பார்த்தபின்தான் இருப்பது ஓர் எண்ணெய்க் கப்பலும் சிறு போர்க்கப்பலும் என்று தெரிந்தது. டார்பிடோ விமானங்கள் திரும்பிப் போயின. 36 குண்டுவீச்சு விமானங்கள் மட்டும் நண்பகலை ஒட்டித் தாக்கின. மூன்று குண்டுகள் பட்டு சிம்ஸ் சில நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 250 பேரில் சுமார் 15 பேரே நியோஷோவை வந்தடைந்தார்கள். நியோஷோ மீது ஏழு குண்டுகள் விழுந்தன. அடிபட்ட ஒரு விமானமும் அதன்மேல் வந்து மோதியது. ஆனால் இதே நேரத்தில் அமெரிக்க விமானங்கள் வேறிடத்தில் ஷோஹோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்தன. தவறான அடையாளம் ஜப்பானுக்கும் விலை வைத்தது.

இரண்டாவது, கேட்டதில் பிழை. கப்பலைக் கைவிடுவதற்கு ஆயத்தமாக இருங்கள் என்பதுதான் தலைவர் பிலிப்ஸின் ஆணை. தீயும் புகையும் சூழ்ந்த அந்த நேரத்தில் பலர் காதில் ‘கைவிடுங்கள்’ என்பது மட்டும் விழுந்தது. நிறையப் பேர் கடலில் குதித்தார்கள், மிதவைகளை இறக்கினார்கள். பிறகு கணக்கெடுத்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. கப்பலோ மூழ்கவில்லை.

மூன்றாவது, குறித்ததில் பிழை. உதவி கேட்டு அனுப்பிய செய்தியில் கப்பல் இருக்கும் இடத்தின் அட்ச, தீர்க்க அளவுகளைத் தந்தார்கள். ஆனால் கடல் வரைபடத்தில் அந்தப் புள்ளி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. தேடப் போன மோனகன் என்ற நாசகாரிக் கப்பல் வெறும் கடலைத்தான் கண்டது.

கப்பல் ஏன் மூழ்கவில்லை?

முதுகு உடைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, இயந்திரம் செத்துப்போன கப்பல் நான்கு நாட்கள் மிதந்தது. எண்ணெய்க் கப்பலின் உட்பகுதி தடுப்புச் சுவர்களால் பல தொட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு தொட்டியில் நீர் புகுந்தால் அடுத்ததற்குப் போகாது. எண்ணெய் இறக்கிய தொட்டிகள் காற்றுப் பெட்டிகளாக நின்று மிதப்பு விசை தரும். எஞ்சியுள்ள எண்ணெயும் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததே. சாய்வைக் குறைக்க எதிர்ப்பக்கத் தொட்டிகளின் வால்வுகளைத் திறந்து கடல்நீரை ஏற்றினார்கள். மூழ்கும் கப்பலுக்குள் தண்ணீர் விடுவதா என்று மாணவர்கள் வியப்பார்கள். தராசின் இரு தட்டுகளை நினைவூட்டினால் விளங்கிவிடும்.

இங்கே ஒருவர் பெயரை அவசியம் சொல்கிறேன். ஆஸ்கர் பீட்டர்சன், கொதிகலன் பிரிவின் மூத்த பணியாளர். தன் குழுவினர் அனைவரும் காயப்பட்டுக் கிடக்க, தானும் படுகாயத்தோடு சென்று நீராவிக் குழாய்களின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினார். அதில் பட்ட தீக்காயங்களால் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீரர் விருதான ‘மெடல் ஆஃப் ஆனர்’ அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

நான்கு நாள் மிதப்பின் முடிவில் ஆஸ்திரேலிய விமானம் ஒன்று கப்பலைக் கண்டது. மே 11 அன்று ஹென்லி என்ற நாசகாரிக் கப்பல் வந்து 123 பேரை ஏற்றிக்கொண்டது. இனி இழுத்துச் செல்ல இயலாது என்ற நிலையில், ஹென்லியே நியோஷோவை மூழ்கடித்தது. பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகூட நிறையவில்லை.

மிதவைகளில் போனவர்கள்? நான்கு மிதவைகளை ஒன்றாகக் கட்டிக்கொண்டு 68 பேர் இருந்தார்கள். உணவும் குடிநீரும் மிகச் சொற்பம். ஒரு வாரத்துக்கும் மேலாகி, ஹெல்ம் என்ற கப்பல் கண்டெடுத்தபோது உயிரோடு இருந்தவர்கள் நான்கே பேர்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒரு புள்ளியின் மதிப்பு என்ன என்பதை இந்த மூன்று கணக்குகளால் காட்டலாம்.

1. நேரமும் தூரமும்: 1 டிகிரி தீர்க்கத்துக்கு 4 நிமிடம் என்று பாடத்தில் சொல்கிறோம். அப்படியானால் மாலுமியின் கடிகாரம் 1 நிமிடம் பிழைத்தால் கப்பலின் இடம் கால் டிகிரி மாறும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 28 கி.மீ. அட்சத்தில் 1 டிகிரி என்பது ஏறத்தாழ 111 கி.மீ. உலக வரைபடத்தில் பென்சில் முனை வைக்கும் புள்ளி எத்தனை கிலோமீட்டரை மறைக்கிறது என்று அளவையைக் கொண்டு கணக்கிடச் சொல்லுங்கள்.

2. கண்ணுக்கு எட்டும் தூரம்: கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கி.மீ.யில் தோராயமாகக் கிடைக்கும். மிதவையில் உட்கார்ந்தவரின் கண் 1 மீட்டர் உயரம் என்றால் 3.6 கி.மீ. கப்பலில் 20 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குச் சுமார் 16 கி.மீ. 28 கி.மீ. தள்ளித் தேடும் கப்பலுக்கு மிதவை தெரியுமா?

3. தேட வேண்டிய பரப்பு: மிதவை மணிக்கு 1 கி.மீ. வீதம், எந்தத் திசையிலும் நகரலாம் என்று கொள்வோம். ஒரு நாளில் 24 கி.மீ. ஆரமுள்ள வட்டம், பரப்பு சுமார் 1,810 சதுர கி.மீ. நான்கு நாளில் ஆரம் 96 கி.மீ.; பரப்பு சுமார் 28,950 சதுர கி.மீ. நாள் நான்கு மடங்கு, பரப்பு பதினாறு மடங்கு. தொடக்கப் புள்ளியே தவறாக இருந்தால் வட்டத்தின் மையமும் தவறு.

இந்த மூன்றாவது கணக்கை முடித்ததும் வகுப்பு சற்று அமைதியாகிவிடும். 68 என்ற எண் 4 ஆனது எப்படி என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பிழை வந்தால் மீண்டும் சரிபார்

பவளக் கடல் சண்டையில் அமெரிக்கா லெக்சிங்டன் என்ற பெரிய விமானந்தாங்கியையும் இழந்தது. ஆனாலும் மோர்ஸ்பி மீதான படையெடுப்பு நின்றது. சேதமடைந்த ஷோகாகுவும் விமானங்களைப் பெருமளவு இழந்த சுய்காகுவும் ஜூன் மாத மிட்வே சண்டைக்கு வர முடியவில்லை. இவையெல்லாம் தேர்வுக்குரிய செய்திகள்.

தேர்வுக்கு அப்பால் ஒன்று உண்டு. உற்றுப் பார்த்துப் பெயர் சொல்வது, ஆணையை முழுதாகக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, குறித்த புள்ளியை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் நம் வகுப்பில் அன்றாடம் நடப்பவை. வரைபடப் பயிற்சியில் இடம் தவறினால் அரை மதிப்பெண் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். இப்போதெல்லாம் நான் வரைபடத் தாள்களை அருகருகே அமர்ந்த இருவர் மாற்றிக்கொண்டு, அட்ச, தீர்க்க அளவை மீண்டும் படித்துப் பார்த்த பிறகே வாங்குகிறேன். கூடுதலாக ஆகும் நேரம் ஐந்து நிமிடம்தான். எதற்காக இப்படி என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. நியோஷோவை அவர்களுக்குத் தெரியும்.