தையல் இயந்திரம் கேட்டு வந்த தமிழ்ப் பட்டதாரி

சென்ற மாதம் ஒரு சகோதரி தம் உம்மாவுடன் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். தையல் இயந்திரம் வேண்டும் என்று மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார். மனுவில் ஒரு பிழைகூட இல்லை. தையல் தெரியுமா என்று கேட்டோம். "தெரியாது, கத்துக்குவா" என்று உம்மா முந்திக்கொண்டு சொன்னார். படிப்பு என்னவென்று விசாரித்தால், எம்.ஏ. தமிழ். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். தெருவில் யார் வீட்டு நிக்காஹ் பத்திரிகை என்றாலும் பிழை பார்த்துத் தருகிறார். எல்லாம் சும்மா.

மனுவை ஓரமாக வைத்துவிட்டு, அவருடன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அதே நிலையில் நம் பகுதியில் பல வீடுகள் இருப்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

பாடம் நடத்துவது, பிழை திருத்துவது, எழுதுவது என்ற மூன்றில் எதுவும் தனியாக ஒரு குடும்பத்தைத் தாங்காது. சேர்த்துச் செய்தால் தாங்கும். ஏனென்றால் மூன்றிலும் பணம் வரும் காலம் வேறு வேறு. டியூஷன் பணம் ஜூன் முதல் மார்ச் வரை மாதாமாதம் வரும். தேர்வு முடிந்தால் நின்றுவிடும். பதிப்பகங்கள் சென்னைப் புத்தகக் காட்சிக்காக ஜனவரிக்குள் புத்தகங்களைக் கொண்டுவரத் துடிக்கும். எனவே பிழை திருத்தும் வேலை செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை குவியும். அதன் கூலி மட்டும் புத்தகம் அச்சாகி இரண்டு மாதம் கழித்துக்கூட வரலாம். சொந்தமாக எழுத மிஞ்சுவது ஏப்ரலும் மே மாதமும்.

ஆகவே டியூஷனில் தொடங்குவதே நல்லது. எல்லாப் பாடத்தையும் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தை மட்டும் நன்றாக நடத்தினாலே பெயர் பரவும். இன்னொரு வாசலும் உண்டு. வளைகுடாவில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள்; எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தடுமாறுகிறார்கள். நமக்கு இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு மணி, சவூதியில் ஆறு மணி. இஷா தொழுதுவிட்டு ஒரு மணி நேரம் வீடியோவில் வகுப்பு எடுக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த பாடங்கள் இருக்கின்றன.

அடுத்தது பிழை திருத்தம். புரூஃப் பார்ப்பது வேறு, எடிட்டிங் வேறு. முதலாவதில் எழுத்துப்பிழை, ஒற்று, விடுபட்ட வரி ஆகியவற்றைப் பார்க்கிறோம். இரண்டாவதில் குழம்பிய வாக்கியத்தைப் பிரித்து எழுதுகிறோம், அத்தியாயத்தை இடம் மாற்றுகிறோம், ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கிறோம். இரண்டுக்கும் ஒரே கூலி பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இதில் நம் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்களே அதை உணர்வதில்லை. நமது வெளியீடுகளை எடுத்துப் பாருங்கள். அஹ்மத், அகமது, அஹமது. ரமழான், ரமலான், ரம்ஜான். ஒரே பக்கத்தில் மூன்று வடிவமும் கிடக்கும். எந்த வடிவம் என்று முதல் நாளே பட்டியல் போட்டு, கடைசிப் பக்கம் வரை காப்பாற்றுவது எடிட்டரின் வேலை. அரபுச் சொல்லும் தெரிந்து தமிழ் ஒற்றும் தெரிந்தவர்கள் குறைவு. ஆலிமா படிப்பும் பட்டப்படிப்பும் முடித்தவருக்கு இந்த இடத்தில் போட்டியே கிடையாது. ஆனால் யூனிகோடில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தாக வேண்டும். தமிழ்99 விசைப்பலகையைத் தினம் அரை மணி நேரம் பழகினால் கை வந்துவிடும்.

என்ன கூலி கேட்பது? இருபது பக்கத்தைக் கடிகாரம் வைத்துத் திருத்திப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பக்கம் ஆகிறது என்றால், 160 பக்கப் புத்தகம் 20 மணி நேர வேலை. டியூஷனில் ஒரு மணிக்கு என்ன கிடைக்கிறதோ அதற்குக் குறையாமல் கேளுங்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை பார்ப்பது, எந்தத் தேதிக்குள் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாவது இருக்கட்டும். கூசுகிறவர்கள் அல்பகறா அத்தியாயத்தின் 282-வது வசனத்தைப் பார்க்கவும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அந்த வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது.

எழுத்து வருமானத்தைக் கடைசியில்தான் எண்ண வேண்டும். வீட்டிலிருந்து எழுதுவது நமக்குப் புதிதல்ல. நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' நாவல் 1938-லேயே வந்துவிட்டது. இன்றும் கட்டுரையோ கதையோ கொண்டுவருவது பெயரை. அந்தப் பெயரைப் பார்த்து எடிட்டிங் வேலை வரும், மாணவர்கள் வருவார்கள். உரிமை விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் எழுதியது பொதுவாக உங்களுக்கே சொந்தம். உரிமையை மாற்றித் தருவதென்றால் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். "முழு உரிமை" என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடுமுன் எங்களிடம் காட்டுங்கள். மொழிபெயர்ப்புக்கும் மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும். அவர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தால் தேவையில்லை.

பான் அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கூலி தந்தால் 10 சதவீதம் வரி பிடிக்கும். உங்கள் மொத்த வருமானம் வரிக்கு உட்படாத அளவில் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பலர் விட்டுவிடுகிறார்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே டைப்பிங், முன்பணம் கட்டினால் போதும்" என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம். வேலையை முடித்துக் கொடுத்த பின், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மேலும் பணம் கேட்பார்கள். பயந்துபோய், வீட்டில் சொல்லாமல் நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டாதீர்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். வேலை தருகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும்.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணினி முன் உட்கார்ந்திருக்கும் மகளை, மருமகளை "சும்மாதானே இருக்கே" என்று அழைக்காதீர்கள். தினம் மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள விடுங்கள்.

இதையெல்லாம் அந்தச் சகோதரியிடம் சொல்லி முடித்தபோது, அவருடைய உம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஒங்க பத்திரிகைக்கும் இவதானே திருத்திக் குடுத்தா, அதுக்கு என்ன குடுத்தீங்க?" பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் இதழின் புரூஃபும் எங்கள் பொறுப்பாளர் ஒருவர் மூலமாக அவரிடம்தான் போயிருக்கிறது. யார் பார்க்கிறார் என்று நாங்கள் விசாரித்ததும் இல்லை. கமிட்டியில் பேசி, பழைய இதழ்களுக்கும் சேர்த்துப் பக்கக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டோம். இந்த இதழுக்கும் அவர்தான் பிழை திருத்தியிருக்கிறார்; இந்தக் கட்டுரையில் மட்டும் பதினொரு இடத்தில் சிவப்புக் கோடு போட்டார்.

இந்த வேலைக்கு வர விரும்பும் சகோதர சகோதரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். சான்றிதழ் நகலோடு, நீங்கள் எழுதிய அல்லது திருத்திய இரண்டு பக்கமும் கொண்டுவாருங்கள். தையல் இயந்திரம் இங்கேதான் இருக்கிறது. தைக்கத் தெரிந்தவர்கள் அதற்கும் மனுக் கொடுக்கலாம்.