ஆலோசகரிடம் போனால் என்ன நடக்கும்?

"மனசு சரியில்லை, யாரிடமாவது பேசணும்" என்றால் போதும், "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று கேலி செய்வது நம் பேராக் தோட்டங்களில் பழகிப்போன பேச்சு. 1911-இல் திறந்த அந்த மருத்துவமனைக்குப் பிறகு 'பஹாகியா' என்று பேர் வைத்தும் கேலி ஓயவில்லை. அந்தப் பயத்தாலேயே பலர் உள்ளுக்குள் புழுங்குகிறார்கள்.

தோழர்களே, ஈப்போவில் ஒரு தனியார் ஆலோசகரிடம் போனால் ஊசி கிடையாது. மாத்திரையும் எழுத மாட்டார். உட்கார்ந்து பேசுவதுதான், சுமார் ஒரு மணி நேரம். முதல் நாள் அவர்தான் கேட்பார்: தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, வீட்டில் யார் யார், குடி உண்டா? அழுகை வந்தால் அழலாம். எல்லாவற்றையும் அன்றே கொட்ட வேண்டியதில்லை. நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும்.

"லயம் பூரா பரவிடுமே!" என்பீர்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், தப்பில்லை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை தவிர, சொன்னது வெளியே போகாது. தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமில்லை. அந்த எண்ணம் வந்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கட்டணம் எவ்வளவு, தமிழில் பேசுவாரா என்று முன்னாலேயே கேளுங்கள். ஒத்துவரவில்லையா, வேறொருவரைப் பாருங்கள். கிராணியைத்தான் நம்மால் மாற்ற முடிந்ததில்லை! கையில் காசில்லை என்றால் அரசாங்க கிளினிக் இருக்கிறது. உடனே பேச வேண்டுமானால் சுகாதார அமைச்சின் 15555-க்குப் போன் போடுங்கள்.