கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

குளிர்சாதனப் பெட்டியாயினும் ஏ.சி.யாயினும், அது குளிரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து மற்றோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவ்வெப்பத்தைச் சுமக்கும் பொருளுக்குக் குளிர்பதனி என்று பெயர். புழக்கத்தில் அதுவே ‘கேஸ்’. இன்றைய ஸ்பிளிட் ஏ.சி.க்கள் பலவற்றில் நிரப்பப்படும் ஆர்-32 என்னும் குளிர்பதனி, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும் இயல்புடையது. அறைக்குள் உள்ள காயிலில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும் அதனை, வெளி யூனிட்டில் உள்ள கம்ப்ரசர் அழுத்திச் சூடேற்ற, அங்குள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகி மீண்டும் உள்ளே திரும்புகிறது.

இச்சுற்று முழுவதும் மூடிய குழாய்களுக்குள் நடப்பதால், வண்டியின் பெட்ரோலைப் போலக் கேஸ் செலவாவதில்லை. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். ஆயினும் குளிர் குறைவதற்கெல்லாம் கேஸ்தான் காரணம் என்பதும் இல்லை. பில்டரில் தூசி அடைத்து உள்ளே காற்றோட்டம் குறைந்தாலும் காயிலில் பனி படியும். கேஸ் குறைந்தாலும் பனி படியும். ஆகவே தேர்ந்த மெக்கானிக், கேஜைப் பொருத்தி அழுத்தம் பார்ப்பதற்கு முன்னரே பில்டரையும் காயிலையும் துப்புரவாக்கி, மின்விசிறிக்கு விசை தரும் கெப்பாசிட்டரைச் சோதித்து, கம்ப்ரசர் இழுக்கும் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீட்டரால் அளந்துவிடுகிறார்.

கசிவைத் தேடுவது பொறுமை வேண்டும் வேலை. கம்ப்ரசரின் எண்ணெய் கேஸுடன் சேர்ந்தே சுற்றி வருவதால், குழாய் இணைப்பில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை தென்பட்டால் அதுவே முதல் துப்பு. பின்னர்க் குழாய்களில் நைட்ரஜனை அழுத்தத்துடன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புடைத்தெழும். நைட்ரஜனுக்கு மாற்றாக ஆக்சிஜனை ஏற்றினால் அது எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கக்கூடும் என்பதால், இத்தொழிலில் அது அறவே விலக்கப்பட்டது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் உலோகத்தை அரிப்பதால், கண்டென்சரையும் விடாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

கசிவை அடைத்த பின் வாக்குவம் பம்பால் குழாய்களிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். அழுத்தம் மிகவும் தாழும்போது உள்ளே தங்கிய ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். நேரத்தை மிச்சப்படுத்த இதைத் தவிர்த்தால், எஞ்சிய ஈரம் அமிலம் உருவாகக் காரணமாகி, நாளடைவில் கம்ப்ரசரின் சுருளையே கெடுத்துவிடும். அதன் பின்னரே, யூனிட்டின் தகட்டில் அச்சிட்ட எடைக்கேற்பத் தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றப்படுகிறது.

கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவதன் விலை வீட்டோடு நிற்பதில்லை; கசியும் கேஸ் காற்றில் கலந்துவிடுகிறது. முன்பு பரவலாக இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. ஆர்-32 ஓசோனுக்குக் கேடு செய்யாதெனினும், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-32 ஏறத்தாழ 675 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் புவியைச் சூடேற்றும்; இத்தகைய வாயுக்களைக் குறைக்கவே 2016-இல் கிகாலியில் அவ்வொப்பந்தம் திருத்தப்பட்டது. மேலும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியதாகையால், குழாயில் எஞ்சிய கேஸை முறையாக வெளியேற்றாமல் கசிவை அடைக்கப் பற்றவைக்கும் சுடரை அருகே கொண்டுசெல்வது ஆபத்தானது.

கோடையில் அழைப்புகள் குவிய, வெயிலில் சுடும் மொட்டைமாடியிலும் பல மாடிக் கட்டடச் சுவரில் தொங்கும் தாங்கியிலும் நின்று மெக்கானிக் இத்தனையையும் செய்தாக வேண்டும். ரசீதில் ‘கேஸ் நிரப்பியது’ என்ற வரிக்குத் தயங்காமல் பணம் தரும் வீட்டார், கசிவைத் தேடிய இரண்டு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் பேரம் பேசுகின்றனர். ஒவ்வொரு கோடையிலும் அதே யூனிட்டுக்கு மறுபடி கேஸ் ஏற்ற வேண்டிவருவதில் அந்தப் பேரத்துக்கும் பங்குண்டு.