சந்தன வித்தின் துயில்

பூசையிலும் மருத்துவத்திலும் சந்தனத்துக்கு நம்மிடையே உயரிய இடமுண்டு. உடற்சூடு, நீர்க்கடுப்பு, தோல்நோய் ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவர் அதனை வழங்குவர். ஆயினும் களவாக வெட்டுதலாலும், காட்டுத்தீயாலும், இலைகள் சிறுத்துக் குவியும் ஒருவகை நோயாலும் இம்மரம் அருகிவிட்டது. 1998 ஆம் ஆண்டிலேயே உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வெட்டிய இடத்தில் மீண்டும் விதைத்தால் என்ன என்று வினவலாம். விதைத்தல் எளிது, முளைப்பித்தலே அரிது.

நீர், காற்று, உகந்த வெப்பம் யாவும் கிடைத்தும் உயிருள்ள வித்து முளையாதிருத்தலை உறங்குநிலை என்பர். இது வித்தின் குறையன்று. எல்லா வித்துக்களும் ஒரே மழைக்கு முளைப்பின் அடுத்த வறட்சியில் அனைத்தும் மடிதல் கூடும். சில முந்தியும் சில பிந்தியும் முளைப்பின் இனம் எஞ்சும்.

உதிர்ந்த சந்தன வித்து ஏறத்தாழ இரண்டு மாதம் துயிலும். அதன் பின்னரும் ஒருசீராக முளைப்பதில்லை. இதற்குக் காரணம் இரண்டு. நீர் புகுதலையும் முளை வெளிவருதலையும் வன்மையான ஓடு தடுக்கின்றது. உள்ளிருக்கும் முளையமும் வளர்ச்சிக்கு ஆயத்தமாக இருப்பதில்லை.

முளையத்தை எழுப்பும் மருந்து நெல்வயலிலிருந்து கிடைத்தது. நெற்பயிர் அளவுக்கு மிஞ்சி நெடிது வளர்ந்து சாயும் நோய்க்கு, ஒரு பங்கசு சுரக்கும் பொருளே காரணம் என்பதை 1926 இல் யப்பானிய அறிஞர் குரோசாவா காட்டினார். 1935 இல் யபுத்தா என்பார் அப்பொருளுக்குக் கிபரெலின் எனப் பெயரிட்டார். தாவரங்கள் தாமே ஆக்கும் ஓமோன்களுள் இதுவும் ஒன்றென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

செய்முறை வருமாறு: கனிந்த பழங்களின் சதையைக் கழுவி நீக்கி, வித்துக்களை நிழலில் உலர்த்துக. 500 மில்லிகிராம் கிபரெலிக்கமிலத்தைச் சிறிதளவு அற்ககோலிற் கரைத்து, ஒரு லீற்றர் நீரிற் சேர்க்க. அதில் வித்துக்களை ஓரிரவு ஊறவைத்து மணற்பாத்தியில் இடுக. ஒரு பகுதியை வெறும் நீரில் ஊறவைத்து வேறு பாத்தியில் இட்டு, இரண்டினையும் நாடோறும் எண்ணி ஒப்பிடுதல் தாவரவியல் மாணவர்க்கு நல்ல பரிசோதனையாகும்.

முளைத்ததோடு வேலை முடிவதில்லை. சந்தனம் ஒரு குறை ஒட்டுண்ணி. தன் இலைகளால் உணவாக்கினும், நீரையும் கனிப்பொருள்களையும் அயற்செடிகளின் வேர்களிலிருந்தும் பருகிகளால் உறிஞ்சும். ஆதலின் நாற்றுக்கு நான்கைந்து இலை தோன்றியதும் துவரையை அதனருகே நடுவர். துணையின்றி விடப்பட்ட நாற்று வித்திலுள்ள உணவு தீர்ந்தபின் நலியும்.

தாய்மரங்கள் செறிந்து நின்ற காலத்தில் இத்துயிலால் நட்டமில்லை. ஆண்டுதோறும் புதுவித்து உதிர்ந்தது. இன்று முதிர்ந்த மரங்களே முதலில் வெட்டப்படுகின்றன. காட்டில் உதிரும் வித்தோ குறைந்துவிட்டது. ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு வித்தையும் எழுப்பி, அதற்குத் துணையும் தேடிக்கொடுத்தல் நம் கடமையாகின்றது.