உறைந்த ஆப்பிளின் உள்ளே

ஆப்பிளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், உருளைக்கிழங்கு மூழ்கிவிடும். ஆப்பிளின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்றிடமாக இருப்பதே காரணம். இப்பழத்தை உறையவைத்துப் பின்னர் இளகவிட்டால், கடிக்கும்போது 'நறுக்'கென்ற ஓசை எழுவதில்லை. சதை தொளதொளத்துச் சாறு கசிகிறது. உள்ளே என்ன நேர்ந்தது?

நீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கிறது, அதனால் செல்கள் வெடிக்கின்றன என்பது பலரும் கூறும் விடை. அது முழு விடை அன்று. மெதுவாகக் குளிரும் பழத்தில் பனிப்படிகம் முதலில் தோன்றுவது செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில்தான். அங்குள்ள நீர் பனியாக மாற மாற, எஞ்சிய கரைசல் செறிவடைகிறது. சவ்வூடு பரவலால் செல்லின் நீர் வெளியே இழுக்கப்பட்டு, அதுவும் படிகத்தோடு சேர்கிறது. செல் வெடிப்பதற்கு மாறாக வற்றிச் சுருங்குகிறது! அதன் சவ்வு பழுதுபடுவதால், பனி உருகிய பின்பும் நீரை உள்ளே தேக்கிப் பழையபடி விறைத்து நிற்க இயலுவதில்லை. விரைந்து உறையவைத்தால் சிறுசிறு படிகங்களே ஏராளமாக உண்டாகும், சேதமும் குறையும்.

இதை நேரில் காண்பது எப்படி? நுண்ணோக்கிக்குப் பழத்தைச் சீவியாக வேண்டும். சீவிய துண்டை உறைவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. இங்கேதான் எக்ஸ் கதிர் உதவுகிறது. 1971-இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்த சி.டி. ஸ்கேன் முறையே இதற்கும் அடிப்படை. மருத்துவமனையில் கதிர்க்குழாய் நோயாளியைச் சுற்றிவரும். ஆய்வுக்கூடத்திலோ ஆப்பிள் துண்டையே சுழற்றிவிடலாம். பல கோணங்களில் விழும் நூற்றுக்கணக்கான நிழற்படங்களைக் கணிப்பொறி இணைத்து, மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் முப்பரிமாண உருவம் தருகிறது.

ஆனால் ஒரு சிக்கல். காற்றிடங்கள் பளிச்சென்று தெரியும். நீருக்கும் பனிக்கும் அடர்த்தி வேறுபாடு சொற்பமாதலால் அவற்றின் நிழல்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. உறைந்த துண்டை வெற்றிடத்தில் வைத்தால் பனி உருகாமலே ஆவியாகிவிடும். படிகம் இருந்த இடத்தில் அதே வடிவில் பள்ளம் நிற்கும், அதைப் படமெடுக்கலாம். உலர்த்தும்போது திசு சற்றுச் சுருங்கக்கூடும் என்பதால் இது அச்சு எடுத்தது போன்ற சாட்சியமே. பனி தூய நீர், எஞ்சிய கரைசலில் சர்க்கரை செறிந்துள்ளது. இந்த வேறுபாடு உறைந்த நிலையிலேயே படமெடுக்கவும் வழி தருகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உறைந்த ஆப்பிளின் நுண்ணமைப்பை இவ்வாறு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர்.

உறைந்த பின்னும் படிகங்கள் சும்மா இருப்பதில்லை. குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை ஏறி இறங்குந்தோறும் சிறு படிகங்கள் மறைந்து பெரியவை மேலும் பெருக்கின்றன. அடிக்கடி மின்சாரம் தடைப்படும் ஊர்களில், விரைந்து உறையவைத்ததன் பயன் இப்படித்தான் வீணாகிறது. துண்டை வெட்டாமலே வாரக்கணக்கில் கண்காணிக்க எக்ஸ் கதிர்ப் படங்கள் இடந்தருகின்றன. சவ்வு மட்டும் இவற்றில் தெரியாது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கே. அதன் நிலையை, இளகிய துண்டிலிருந்து கசியும் சாற்றை அளந்தே ஊகிக்கிறார்கள்.