சுராங்கனி வந்த வழி

குஷாய்குடாவில் தமிழர் வீட்டுக் கல்யாண வரவேற்பு என்றால், பந்தி முடியும் நேரத்தில் மெல்லிசைக் குழுவினரிடம் ஒரு துண்டுச் சீட்டு போகும். அதில் எழுதியிருக்கும் பாட்டு எதுவென்று மேடையில் இருப்பவர்களுக்குப் பிரித்துப் பார்க்காமலே தெரியும். 'சுராங்கனி'! தபேலாக்காரர் பாங்கோவுக்கு மாறுவார். அதுவரை தாம்பூலப் பையும் கையுமாகக் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்த குமாஸ்தாவின் காலும் தரையில் தட்டத் தொடங்கிவிடும்.

ஈ.சி.ஐ.எல். நிறுவனம் 1967-லும், அணு எரிபொருள் வளாகம் 1971-லும் தொடங்கப்பட்ட பின்னர் பிட்டராகவும் டர்னராகவும் குமாஸ்தாவாகவும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த தமிழர்கள் பலர். அவர்கள் ஊரிலிருந்து கொண்டு வந்த சொத்துக்களில் இலங்கை வானொலியின் நினைவும் ஒன்று. ஆனால் 'சுராங்கனி' யார் பாட்டு என்று கேட்டால், இளையவர்கள் சினிமாப் பாட்டு என்பார்கள். அதிலும் தவறில்லை. 1977-ல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைச் சேர்த்தார்; மலேசியா வாசுதேவன் பாடினார். எனினும் பெரியவர்கள் விடமாட்டார்கள். "அது நம்ம சிலோன் மனோகர் பாட்டு அல்லவா!" என்பார்கள்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அது கடல் வழியாக வந்த கதை.

போர்த்துக்கீசியர் விட்டுப்போன தாளம்

போர்த்துக்கீசியர் 1505-ல் இலங்கையில் இறங்கினர். 1658-ல் டச்சுக்காரர்களிடம் தோற்று வெளியேறினர். கோட்டைகளை விட்டுச் சென்றார்கள், பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்ற பெயர்களை விட்டுச் சென்றார்கள். கூடவே 'பைலா'வையும் விட்டுச் சென்றார்கள். ஆடுவது என்பதற்கு அவர்கள் மொழியில் 'பைலார்' என்று பெயர். ஸ்பானிய மொழியிலும் அதே சொல்தான்.

ஆனால் தாளம் முழுவதும் அவர்களுடையது என்று சொல்லிவிட முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டு வரப்பட்டவர்களின் சந்ததியினர் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடி என்ற கிராமத்தில் வாழ்கிறார்கள். இலங்கையில் காப்பிலியர் என்று அழைக்கப்படுபவர்கள் அவர்கள். தேங்காய்ச் சிரட்டையும், கண்ணாடிப் போத்தலும் கரண்டியும், டோலக்கும்தான் வாத்தியங்கள். 'மஞ்சா' என்னும் அவர்களுடைய பாட்டு போர்த்துக்கீசியக் கலப்பு மொழியில் அமைந்தது. அந்த மொழி இன்று பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாட்டு மட்டும் வாயில் நிற்கிறது. மட்டக்களப்பிலோ, தமிழும் பேசும் போர்த்துக்கீசியப் பரங்கியர் தங்கள் கல்யாணங்களில் வயலின், கிதார் முழங்கக் 'காப்ரிஞ்ஞா' ஆடுகிறார்கள்.

ஐதராபாத்வாசிகளுக்கு இதெல்லாம் புதிய சங்கதி அல்ல. மாசாப் டாங்க் அருகே ஏ.சி. கார்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதன் விரிவு 'ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர்' என்பது. நிஜாம் வைத்திருந்த படை அது. அந்த சித்தி மக்களும் பார்க்காஸ் பகுதி அரபியரும் வளர்த்த மர்பா மேளத்தின் வழியில் வந்ததுதான், இன்று கணேசர் ஊர்வலத்தில் குஷாய்குடாத் தெருக்களை அதிர வைக்கும் தீன்மார்.

அட்லாண்டிக்கின் அக்கரையிலும் இதே கூட்டுத்தான். ஸ்பானியர் கிதாரும் ஆப்பிரிக்க அடிமைகளின் முழவும் கியூபாவிலும் மற்றத் தீவுகளிலும் கலந்து லத்தீன் நடன இசை பிறந்தது. பனாமாவில் பிறந்த வில்சன் சகோதரர்கள் 1968-ல் நியூயார்க்கில் 'மாண்ட்ரில்' என்ற குழுவைத் தொடங்கி, அதில் அமெரிக்கக் கறுப்பர்களின் 'பங்க்' இசையைச் சேர்த்தனர்.

போலீஸ்காரர் பாடினார்

இலங்கையில் பைலாவை மேடையேற்றியவர் வாலி பஸ்டியன்ஸ். போலீஸ்காரர்! 1940-களில் அவரால் இது சிங்களப் பாட்டாகப் பரவியது. இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று, கொடுத்த விஷயத்தை வைத்து உடனுக்குடன் பாட்டுக் கட்டி மோதும் 'வாத பைலா'வும் இருந்தது. நம் ஊர் லாவணிக் கச்சேரியைக் கேட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். சாராயக்கடைப் பாட்டு என்றார்கள். இந்தப் பழியோடுதான் மொரட்டுவையைச் சேர்ந்த அன்ரன் பெரேரா என்பவர் தம் பிள்ளைகளைக் கொண்டு ஒரு குழுவைத் தொடங்கினார். 'ஜிப்ஸீஸ்' என்று பெயர். 1970-ஐ ஒட்டித் தொடங்கிய இந்தக் குழு முதலில் ஆங்கிலப் பாட்டுக்களைத்தான் வாசித்தது. கொழும்பு ஓட்டல்களுக்கு அதுதானே வேண்டும்! பிறகு மூத்த பாடகர் சுனில் பெரேரா பைலாவின் பக்கம் திரும்பினார். மின்சார கிதார், எக்காளம், டிரம் எல்லாம் பழைய தாளத்தில் வந்து ஏறின. 'லுணு தெஹி', 'குருமிட்டோ' என்று வரிசையாக வெற்றிகள்.

ஆட வைப்பதோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு ஓட்டல் பாடகராகவே இருந்திருப்பார். அரசியல்வாதிகளையும், நாடு முன்னேறாத கதையையும் அதே துள்ளலில் வைத்துக் கிண்டல் செய்தார். சனங்கள் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். சிரித்த பிறகுதான் சுருக்கென்றது. அரை நூற்றாண்டு குழுவை நடத்திய சுனில் பெரேரா, கொரோனா பாதிப்புக்குச் சிகிச்சை பெற்றபின் 2021 செப்டம்பர் 6-ம் தேதி காலமானார். ஆயிரக்கணக்கான கல்யாணங்களில் ஒலித்த குரலுக்குக் கூட்டம் கூடி விடை கொடுக்க முடியாத காலம் அது.

தமிழுக்கு வந்தது

பைலாவுக்குத் தமிழில் துள்ளிசை என்று அழகான பெயர் உண்டு. 'பொப்' இசை என்றும் இலங்கையில் எழுதுவார்கள். 1960-களில் அதற்கு வழி வெட்டியவர் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே' அவருடையது. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொன்ன பாட்டும் அவருடையதே. கள்ளுக்கடைத் தாளம் என்று ஏசப்பட்ட தாளத்திலேயே அதைச் சொன்ன குறும்பை என்னவென்பது! பின்னர் அவர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

அந்த வழியில் வந்தவர்தான் ஏ.ஈ. மனோகரன். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று பட்டம். இலங்கை வானொலியில் அவர் குரல் வந்தால் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் ஆடியது. தமிழ்க் கால்களுக்கு இது ஏன் இவ்வளவு சுலபமாக வந்தது? பைலா ஓடுவது ஆறெட்டுத் தாளத்தில். சங்கீதக்காரர் திஸ்ர நடை என்பார். பறை அடிப்பவர் எதுவும் சொல்லாமல் அடித்துக் காட்டுவார். டப்பாங்குத்து ஆடிப் பழகிய காலுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

மனோகரன் 1978-ல் வந்த 'வாடைக்காற்று' என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தில் நடித்தார். தமிழகம் வந்தபின் தமிழ், மலையாளம், தெலுங்கு எனப் பல மொழிப் படங்களில் பெரும்பாலும் அடியாள், வில்லன் வேடங்கள்தான் கிடைத்தன. மேடையில் ஆயிரம் பேரை ஆட வைத்தவர், திரையில் கதாநாயகனிடம் அடி வாங்கினார். அவரை உரிய இடத்தில் வைத்துப் பார்க்கச் சினிமா உலகத்துக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் சிதறியபோது, அவர் பாட்டுக்கள் கேசட்டுகளில் உடன் சென்றன. அந்த ஊர்களின் மேடைகள் அவரை மறக்கவில்லை. 2018 ஜனவரி 22-ல், தமது 73-வது வயதில் அவர் சென்னையில் காலமானார்.

குஷாய்குடா வரவேற்பில் அந்தச் சீட்டுப் பாட்டுக்கு முதலில் எழுந்து ஆடுவது இங்கேயே பிறந்து, தங்களுக்குள் தெலுங்கில் பேசிக் கொள்ளும் பிள்ளைகள். அதில் வரும் சிங்களச் சொற்களை ஒன்று விடாமல் பாடுகிறார்கள். பொருள் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அப்பாவுக்கும் தெரியாது. ஒருத்திக்காக ஒருவன் கொண்டு வந்த மீனைப் பற்றியது அது.