தூங்கும்போது தீரும் டேட்டா: விளையாட்டு அப்டேட்டை நம் கட்டுக்குள் வைப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ, பழைய தோட்டக் குடியிருப்பு ஒன்றில் உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுக்கு இணையம் என்றால் அம்மாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். இரவு படுக்கும்போது 9 ஜிபி மீதம் இருந்தது. அண்ணனின் மடிக்கணினி அணைக்கப்படாமல் மேசையில் கிடந்தது. காலையில் தங்கை பள்ளிப் பாடத்தை அனுப்ப உட்காருகிறாள். டேட்டா முடிந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி வந்து நிற்கிறது.

யாரும் படம் பார்க்கவில்லை. யாரும் விளையாடக்கூட இல்லை. கணினியில் இருந்த ஒரு விளையாட்டு, யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. பிறகு அண்ணனுக்குத் திட்டு, தங்கைக்கு அழுகை, அம்மாவுக்கு மாதக் கடைசியில் இன்னொரு டாப்-அப்.

விளையாட்டையே நிறுத்தச் சொல்வது எளிது. ஆனால், நம் பிள்ளைகள் அதை விடப் போவதில்லை. 2024இல் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் மலேசியாவின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி வாகை சூடிய நாடு இது. சில அமைப்புகளை ஒருமுறை மாற்றினால், விளையாட்டும் இருக்கும், பாடத்துக்கான டேட்டாவும் மிஞ்சும்.

ஏன் இவ்வளவு பெரிய அப்டேட்?

இன்றைய கணினி விளையாட்டுகளின் அளவு வியக்க வைக்கும். 2019இல் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' விளையாட்டு, அடுத்தடுத்த அப்டேட்டுகளால் கணினியில் 200 ஜிபியையும் தாண்டியது. படங்களும் ஒலிகளும்தான் இதில் பெரும் பங்கு.

சின்னத் திருத்தத்துக்குக்கூடப் பல ஜிபி இறங்குவது ஏன்? தோட்டத்துப் பெரட்டில் பெயர் வாசிக்கும் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தாள் இருந்தால், ஒருவரின் விவரம் மாறும்போது அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். எல்லாரையும் ஒரே நீளமான பட்டியலில் எழுதி வைத்திருந்தால், நடுவில் ஒரு பெயரை நுழைக்க அடுத்த பக்கங்களை எல்லாம் திரும்ப எழுத வேண்டும்.

விளையாட்டுக் கோப்புகளும் அப்படித்தான். ஸ்டீம் கடை ஒவ்வொரு கோப்பையும் ஏறக்குறைய 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. ஆனால், விளையாட்டைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் சில ராட்சதக் கோப்புகளில் அடைத்து, புதியதை நடுவில் செருகியிருந்தால், மாறாதவையும் இடம்பெயர்ந்து மாறியவை போல் ஆகிவிடும். அந்தச் சுமை நம் டேட்டாவின் தலையில் விழுகிறது.

முதலில் உங்கள் தட்டுப்பாடு எது?

'லைன் சரியில்லை' என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று வகை உண்டு. ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

முதலாவது, அளவுத் தட்டுப்பாடு. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற கணக்கு இது. 'வரம்பற்றது' என்று விற்கப்படும் திட்டங்களிலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருப்பதுண்டு. கைப்பேசியில் பார்ப்பதற்கு எல்லை இல்லை, கணினிக்குப் பகிர்ந்தால் எல்லை உண்டு என்ற கதை. உங்கள் திட்டத்தின் விவரத்தில் 'ஹாட்ஸ்பாட்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

இரண்டாவது, வேகத் தட்டுப்பாடு. விநாடிக்கு 6 எம்பிபிஎஸ் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 1 ஜிபி இறங்க ஏறக்குறைய 22 நிமிடம் ஆகும். 20 ஜிபி அப்டேட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கும் மேல். வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் அதே அப்டேட்டுக்கு 22 மணி நேரம். அதுவரை வீட்டில் மற்றவர்களின் வீடியோ அழைப்பு திக்கித் திணறும்.

மூன்றாவது, சிக்னல் தட்டுப்பாடு. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளும் அடர்ந்த செம்பனையும் அலைவரிசையை மறைக்கும், மங்கச் செய்யும். 2021 இறுதியில் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்ட பிறகு, 4ஜி சரியாக எட்டாத மூலைகளில் சாய்ந்துகொள்ள வேறு தூணும் இல்லை.

வேகம்தான் குறை என்றால் நள்ளிரவில் இறக்குவது நல்ல வழி. அளவுதான் குறை என்றால் நள்ளிரவில் இறக்கினாலும் அதே ஜிபிதான் போகும். இரவுக்கென்று தனி டேட்டா தரும் திட்டமாக இருந்தால் மட்டுமே பயன் உண்டு. சிக்னல்தான் குறை என்றால், கைப்பேசியையோ சிம் போட்ட மோடத்தையோ உயரமான சன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள்.

2020 கற்றுத்தந்த பாடம்

2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பாடம், வேலை, பொழுதுபோக்கு எல்லாம் வீட்டு இணையத்துக்கே வந்து சேர்ந்தன. உலகம் முழுதும் அதே நெரிசல். அம்மாத இறுதியில் ஸ்டீம் நிறுவனம் ஒரு மாற்றத்தை அறிவித்தது. கடந்த மூன்று நாட்களில் விளையாடிய விளையாட்டுகள் மட்டும் உடனே புதுப்பிக்கப்படும். மற்றவை நெரிசல் குறைந்த நேரத்துக்குத் தள்ளப்பட்டு, பல நாட்களுக்குப் பரப்பப்படும்.

அதே கணக்கை நம் வீட்டிலும் போடலாம். எதை இந்த வாரம் உண்மையாகவே விளையாடுகிறீர்கள்? அதற்கு மட்டும் டேட்டா கொடுங்கள். ஆறு மாதமாகத் தொடாத விளையாட்டு ஏன் இன்னும் கணினியில் இருக்கிறது? நீக்கிவிடுங்கள். வாங்கிய விளையாட்டு கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால், திரும்ப வேண்டும் என்றால் முழுவதையும் மறுபடி இறக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில்

பிளே ஸ்டோரைத் திறந்து உங்கள் படத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க் பிரிஃபரன்சஸ், ஆட்டோ-அப்டேட் ஆப்ஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். 'வைஃபையில் மட்டும்' என்ற தேர்வு பாதுகாப்பானது போல் தோன்றும். பலர் ஏமாறுவது இங்கேதான். அம்மாவின் ஹாட்ஸ்பாட்டும் உங்கள் கைப்பேசிக்கு ஒரு வைஃபைதான்.

இதற்கு இரண்டு வழி. தானியங்கி அப்டேட்டை முழுவதும் நிறுத்தி, வேண்டியதை நீங்களே அவ்வப்போது புதுப்பிக்கலாம். அல்லது வைஃபை அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு 'மீட்டர்ட்' என்று குறிக்கலாம். 'இது அளந்து கிடைக்கும் டேட்டா, பார்த்துச் செலவழி' என்று கைப்பேசிக்குச் சொல்வதாக அர்த்தம். குறிப்பிட்ட விளையாட்டை மட்டும் நிறுத்த விரும்பினால், பிளே ஸ்டோரில் அதன் பக்கத்துக்குச் சென்று, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ஆட்டோ அப்டேட்' குறியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற விளையாட்டுகள், திறந்த பிறகு உள்ளேயே கூடுதல் கோப்புகளை இறக்கும். பிளே ஸ்டோர் அமைப்பு அதைத் தடுக்காது. விளையாட்டுக்குள் வரும் 'டவுன்லோட்' அறிவிப்பை அவசரத்தில் சரி என்று அழுத்தாமல், எத்தனை எம்பி என்று பார்த்துவிட்டு அழுத்தப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஆப் ஸ்டோர் பகுதியில் 'ஆப் அப்டேட்ஸ்' தேர்வை அணைக்கலாம். ஹாட்ஸ்பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு 'லோ டேட்டா மோட்' போட்டுவிட்டால், பின்னணியில் நடக்கும் பல இறக்கங்கள் குறையும்.

கணினியில்

விண்டோஸில் இணைத்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்தில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' தேர்வை இயக்குங்கள். இது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த அப்டேட்டுகளைத்தான் அடக்கும். விளையாட்டுக் கடைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டீமில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். தானியங்கி அப்டேட் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை நடக்கலாம் என்று அங்கே குறிக்கலாம். இறக்கும் வேகத்துக்கும் உச்ச வரம்பு வைக்கலாம். 6 எம்பிபிஎஸ் இணைப்பில் ஸ்டீமுக்கு 3 கொடுத்தால், மீதி மற்றவர்களுக்கு. ஒவ்வொரு விளையாட்டின் 'புராபர்ட்டீஸ்' பகுதியிலும், திறக்கும்போது மட்டும் புதுப்பி என்ற தேர்வு உண்டு. டேட்டா குறைந்த வீட்டுக்கு அதுவே மிக முக்கியம்.

ஒரே வீட்டில் இரண்டு கணினி இருந்தால், ஸ்டீம் 2023இல் கொண்டுவந்த உள்வலைப் பரிமாற்ற வசதி கைகொடுக்கும். ஒரு கணினியில் இறக்கியதை மற்றொன்று மோடம் வழியாகவே எடுத்துக்கொள்ளும். வெளி டேட்டா இரண்டு முறை செலவாகாது.

பிளேஸ்டேஷன் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது 'ரெஸ்ட் மோட்'. அணைத்துவிட்டதாக நாம் நினைப்போம், அது அரைத்தூக்கத்தில் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கும். தானியங்கி இறக்கத்தை அமைப்பில் நிறுத்துங்கள், அல்லது முழுவதும் அணையுங்கள்.

பெரிய அப்டேட்டை ஈப்போவில் முடியுங்கள்

ஈப்போவில் ஃபைபர் இணைப்பு உள்ள சித்தப்பா வீடோ நண்பர் வீடோ இருக்கும். லிட்டில் இந்தியாவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போகும் நாளில், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு மடிக்கணினியையும் எடுத்துச் செல்லுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 20 ஜிபி ஏறக்குறைய அரை மணியில் இறங்கிவிடும். தேநீர் குடித்து நாலு வார்த்தை பேசும் நேரம்தான். மேசைக் கணினி என்றால், வேறொருவர் கணினியில் இருக்கும் அதே விளையாட்டின் கோப்புறையை ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வரலாம். ஸ்டீம் அதைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். பிறர் கணினியில் உங்கள் கடவுச்சொல்லைச் சேமித்து வைக்காதீர்கள்.

நாடு முழுதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'நாடி' சமூக இணைய மையங்கள் உள்ளன. பாடம், உயர்கல்வி விண்ணப்பம், அரசாங்கப் பாரம் போன்றவற்றுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டால் வீட்டு டேட்டா மிஞ்சும். பல ஜிபி விளையாட்டை அங்கே இறக்கிப் பிறரின் வேலையைக் கெடுக்க வேண்டாம்.

இவற்றை நிறுத்தாதீர்கள்

எல்லா அப்டேட்டையும் அணைத்துவிட்டு மறந்துபோவது ஆபத்து. வங்கிச் செயலி, வாட்ஸ்அப், இணைய உலாவி, விண்டோஸ் பாதுகாப்பு ஆகியவை பழையதாக இருந்தால் மோசடிக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தது போலாகும். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. நமக்கு அது பெரும்பாலும் புதன்கிழமை விடியலில் வந்து சேரும். அந்த வாரக் கடைசியில் ஒருநாள் ஒதுக்கி, வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் புதுப்பித்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் ஒரு ஏற்பாடு வேண்டும். மாதத் தொடக்கத்தில் மொத்த டேட்டாவில் பாடத்துக்கும் அவசரத்துக்கும் இத்தனை என்று ஒதுக்குங்கள். மிச்சம் விளையாட்டுக்கு. கணக்கைப் பார்க்கும் பொறுப்பை, அதிகம் விளையாடும் பிள்ளையிடமே கொடுங்கள். இந்த அமைப்புகளை அம்மாவைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். தங்கையின் பாடம் காலையில் போய்ச் சேருவதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.